மலிவான ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் குனிந்து அடியைப் பாருங்கள்

கல்லடியில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டு முற்றத்தில் சிவப்பு நிற டொயோட்டா செலிக்கா நின்றது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி மொடல், முன்னால் நான்கு வட்ட விளக்குகள். பெயின்ட் கண்ணாடி போலப் பளபளத்தது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உடனே பிடித்தது. என்னோடு வந்த மச்சான் அப்போதே மனதுக்குள் அதை வாங்கி, பாசிக்குடா வரைக்கும் ஓட்டியும் முடித்துவிட்டான். விலையும் மற்ற இடங்களில் கேட்டதைவிட நன்றாகக் குறைவு.

நாங்கள் கூட்டிப்போன காத்தான்குடி மெக்கானிக் காக்கா பொனட்டைத் திறக்கவே இல்லை. உரிமையாளரிடம் கேட்டுவிட்டு ஒரு பக்கம் ஜக் அடித்து, மரக்கட்டை முட்டுக்கொடுத்து, கீழே சாக்கை விரித்துக் குனிந்தார். கதவுக்குக் கீழே முன்சில்லிலிருந்து பின்சில்லு வரை நீளமாக ஓடும் தகரப் பெட்டியை ஸ்க்ரூட்ரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். பின்சில்லுக்குக் கிட்ட வந்ததும் சத்தம் மாறியது: டொப். புதிதாகப் பூசியிருந்த கறுப்புப் பூச்சை நகத்தால் சுரண்டினார். உள்ளே பட்டி, பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை. பட்டிக்குக் கீழே பைபர் துணி. அதற்கும் கீழே தகரம் என்று ஒன்று இல்லை. கறள்தான் தேயிலைத் தூள் மாதிரி அவருடைய உள்ளங்கையில் கொட்டியது.

"தம்பி, எஞ்சின் நல்லாத்தான் இரிக்கி. அது இரிக்கிற ஊடுதான் உக்கிப் பெய்த்து" என்றார்.

அன்றிலிருந்து யாரோடு கார் பார்க்கப் போனாலும் இந்த ஒழுங்கில்தான் பார்க்கிறேன்: அடி முதலில், எஞ்சின் அடுத்து, பளபளப்பு கடைசியில். பழுதான எஞ்சினுக்குப் பதில் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் ஒன்று தேடிப்பிடித்துப் போடலாம். உக்கிப்போன உடம்புக்கு மாற்று விற்கும் கடை எங்கேயும் இல்லை. ஸ்போர்ட்ஸ் கார் ஆசை பிடித்து முதல்தடவை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒழுங்கைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வீட்டிலிருந்தே தொடங்குங்கள்

எந்தக் கார் என்று தீர்மானிக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள்: இது பழுதானால் இங்கே யார் கைவைப்பார்கள்? மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் நல்ல கராஜ்கள் இருக்கின்றன. ஆனால் அவர்கள் தினமும் கழற்றிப் பூட்டுவது கொரோலா, விட்ஸ், வேகன் ஆர், அல்டோ. உங்கள் கார் இவற்றோடு எவ்வளவு சொந்தம் கொண்டாடுகிறதோ அவ்வளவுக்கு உங்கள் வாழ்க்கை லேசு. டொயோட்டா லெவின் என்பது கொரோலாவின் இரண்டு கதவுத் தம்பி. அதனால் பிரேக், சஸ்பென்ஷன் சாமான்களில் நிறையவற்றைக் கொரோலா 110, 111 பழகிய மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவார். ஹோண்டா சிஆர்-இசட் காரில் பல பாகங்கள் பிட், இன்சைட் கார்களோடு ஒத்துப்போகும். மற்றபடி ஒரு சாமான் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வர வேண்டும். வந்தது பொருந்தாவிட்டால் திரும்பவும் முன்னூறு கிலோமீற்றர்.

சிஆர்-இசட் எங்கள் பக்கம் அடிக்கடி கண்ணில் படும் கார் என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். 2010இல் வந்த ஹைபிரிட், 1.5 லீற்றர் எஞ்சின். ஆறு கியர் மனுவலும் உண்டு, சிவிடி ஒட்டோவும் உண்டு. கியர் மாற்றும் சுகத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால் மனுவலைத் தேடுங்கள். 2012 வரைக்கும் வந்தவற்றில் நிக்கல் பற்றரி, பிறகு வந்தவற்றில் லித்தியம். எங்கள் வெயிலில் பத்து வருடத்துக்கு மேல் நின்ற நிக்கல் பற்றரி சோர்ந்திருக்க நிறைய வாய்ப்பு. ஓடிப் பார்க்கும்போது சார்ஜ் காட்டும் கோடுகளைக் கவனியுங்கள். நிறைய இருந்தவை திடீரென்று ஒன்றிரண்டாக விழுந்து, கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறினால் பற்றரி ஓய்வு கேட்கிறது என்று அர்த்தம். ஐஎம்ஏ என்ற எச்சரிக்கை விளக்கு எரிந்தால், பற்றரி மாற்றும் செலவை விலையில் கழித்த பிறகுதான் பேச்சு.

மஸ்டா ஆர்எக்ஸ்-8 பார்ப்பதற்கு அழகு, ஓட்டுவதற்கு அதைவிட அழகு. விலையும் ஆச்சரியமாகக் குறைந்திருக்கும். அந்த விலைக்குக் காரணம் எஞ்சின்தான். அதில் பிஸ்டன் இல்லை. முக்கோண வடிவ ரோட்டர் சுழல்கிறது. அதன் மூன்று முனையிலும் உள்ள மெல்லிய சீல் தேய்ந்தால் கம்பிரஷன், அதாவது எஞ்சினுக்குள் காற்றை அமுக்கும் சக்தி, போய்விடும். சாதாரண கராஜில் இருக்கும் கம்பிரஷன் மீற்றரால் அதைச் சரியாக அளக்கவும் முடியாது. எஞ்சின் வேலை செய்யும் விதமே கொஞ்சம் ஒயிலை எரித்துக்கொண்டுதான். ஒயில் மட்டத்தை அடிக்கடி பார்க்காத உரிமையாளரிடம் இருந்த காரை நினைத்தாலே பயம். பார்க்கத்தான் வேண்டும் என்றால் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டி, நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்கள். நீண்ட நேரம் சுற்றிய பிறகே பிடித்தால் வீட்டுக்கு வாருங்கள். ரோட்டரி தெரிந்த ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதவரை, மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதை முதல் ஸ்போர்ட்ஸ் காராக வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. இறக்குமதிக்கு வயது வரம்பு இருப்பதால் தொண்ணூறுகளின் செலிக்காவும் லெவினும் மிட்சுபிசி எப்டிஓவும் இனிமேல் கப்பலில் வரப்போவதில்லை. நாட்டுக்குள் இருக்கிற அதே கார்கள்தான் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. நீங்கள் பார்க்கும் கார் ஐந்தாறு பேர் ஆசைப்பட்டு, ஆளுக்கொன்று மாற்றி, பணம் முடிந்ததும் விற்றதாக இருக்கும்.

போனில் கேட்க வேண்டியது

சுருக்கமாகக் கேளுங்கள். எவ்வளவு காலம் உங்களிடம்? பதிவுப் புத்தகத்தில் யாருடைய பெயர்? இரவில் எங்கே நிற்கும், கூரைக்குக் கீழேயா வெளியிலா, கடலிலிருந்து எவ்வளவு தூரம்? வெள்ளத்தில் நின்றதா? கடைசியாக என்ன மாற்றினீர்கள், பில் இருக்கிறதா? கடைசியாக ஒரு வேண்டுகோள்: நான் வரும் வரைக்கும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். இதற்கு "ஓம், பிரச்சினை இல்லை" என்று சொல்பவரிடம் நேரம் செலவழிக்கலாம். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகப் பொனட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் வரும் புகையையோ சத்தத்தையோ உங்களிடம் காட்ட விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடிப்பாகம்

இதற்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். பகலில், மழை இல்லாத நாளில் போங்கள். நனைந்த கார் எல்லாமே புதுக் கார் போலத்தான் தெரியும். கையில் ஒரு ரோச் லைட், ஒரு ஸ்க்ரூட்ரைவர், துணி சுற்றிய சின்னக் காந்தம், படுத்துப் பார்க்க ஒரு பழைய சாரம் அல்லது சாக்கு. ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்குக் கீழே தலையை விடாதீர்கள். நல்ல முட்டு இருக்க வேண்டும். முடிந்தால் சேர்விஸ் ஸ்டேஷன் ஒன்றில் தூக்கிப் பார்க்க உரிமையாளரைச் சம்மதிக்க வையுங்கள், அதற்கான காசை நீங்களே கொடுங்கள்.

எங்கள் கரையோரத்துக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் ஊர்களில் முக்கால்வாசி கடலை ஒட்டியே இருக்கின்றன. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதிப் பக்கம் ஒரு கையில் கடல், மறு கையில் வாவி. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஈரம்தான். உப்பு அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தகரத்தைத் தின்னும். சாதாரணக் காரைவிட ஸ்போர்ட்ஸ் கார் இதில் கூடுதலாக அடிபடும். தாழ்வான கார் என்பதால் ஒவ்வொரு வேகத்தடையிலும் வயிறு உரசுகிறது. உரசிய இடத்தில் பாதுகாப்புப் பூச்சு போய்விடுகிறது. உப்பு நேரே இரும்பில் உட்காருகிறது. முந்தைய உரிமையாளர் ஸ்பிரிங் வெட்டி இன்னும் தாழ்த்தியிருந்தால் சொல்லவே வேண்டாம். சில கார்கள் ஜப்பானிலேயே கறளோடு வந்தவை, அங்கே பனி பெய்யும் பகுதிகளில் குளிர்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுவார்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள்: கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, முக்கியமாகப் பின்சில்லுக்கு முன்னால் உள்ள ஒரு சாண் தூரம். ஜக் வைக்கும் இடங்கள். பின்சில்லு வளைவின் உள்விளிம்பு, இங்கே வெளியிலிருந்து பார்ப்பதைவிட விரலை உள்ளே விட்டுத் தடவுவது நல்லது. ஸ்பெயார் சில்லு கிடக்கும் குழி. பற்றரித் தட்டு. பொனட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் ஷொக் அப்சோபரின் தலை வந்து உட்காரும் இடம். கீழே, சஸ்பென்ஷன் கைகள் உடம்போடு பூட்டப்பட்டிருக்கும் இடங்கள். முன்னாலிருந்து பின்சில்லுக்குப் போகும் பிரேக் குழாய். கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள். கூரை திறக்கும் கார் என்றால் கூரைத் துளையின் நான்கு மூலைகளும். மஸ்டா யூனோஸ் ரோட்ஸ்டர் மாதிரித் துணிக்கூரைக் காரில், கூரைக்குப் பின்னால் மழைத்தண்ணீர் வடியும் சின்னக் குழாய் இருக்கும். அது இலை தழையால் அடைபட்டால் தண்ணீர் கதவுக்குக் கீழுள்ள பெட்டிக்குள் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியில் குமிழ் தெரியும் நேரத்தில் உள்ளே பாதி போயிருக்கும்.

தட்டிப் பாருங்கள். நல்ல தகரத்தின் சத்தம் கணீரென்று இருக்கும். பட்டி நிரப்பிய இடம் செத்த சத்தம் போடும், காந்தமும் ஒட்டாது. புதிதாக அடித்த கறுப்புப் பூச்சைக் கண்டால் சந்தோஷப்பட வேண்டாம், எதை மூடினார்கள் என்று கேளுங்கள். நேர்மையான ஆள், மூடும் முன் எடுத்த படத்தைக் காட்டுவார்.

எல்லாக் கறளுக்கும் பயப்படவும் தேவையில்லை. விரலால் தேய்த்தால் மண்ணிறத் தூளாக வந்து, கீழே உறுதியான இரும்பு தெரிந்தால் அது மேல் கறள். விலையில் குறைத்துக்கொண்டு, சுரண்டிப் பூசிக்கொள்ளலாம். அடுக்கடுக்காக உரிந்து வந்தால் யோசியுங்கள், டிங்கர் வேலை செய்பவரைக் கூட்டிவந்து செலவு கேளுங்கள். சஸ்பென்ஷன் பூட்டும் இடத்தில் ஸ்க்ரூட்ரைவர் முனை உள்ளே இறங்கினால், அந்தக் கார் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். சில்லு கழன்று போவது வேகமாகப் போகும்போதுதான் நடக்கும்.

கீழே இருக்கும்போதே சேஸியின் நீளமான தண்டுகளில் நெளிவு இருக்கிறதா என்று பாருங்கள். நேராக இருக்க வேண்டிய இடம் துணி மடிப்பு மாதிரிச் சுருங்கியிருந்தால் கார் பலமாக அடிபட்டு இழுத்து நிமிர்த்தப்பட்டது. பொனட், மட்கார்ட் ஆணிகளின் தலையில் பெயின்ட் சிதைந்திருந்தால் அவை கழற்றிப் பூட்டப்பட்டவை. ஸ்போர்ட்ஸ் கார்களில் எங்கேயும் மோதாத கார் அபூர்வம். எங்கே மோதியது, எவ்வளவு ஆழத்துக்கு என்பதுதான் கேள்வி.

வெள்ளத்தில் நின்ற கார்

மாரி என்றால் எங்களுக்குத் தெரியும். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் மட்டக்களப்பு, அம்பாறை ஊர்கள் எப்படி மிதந்தன என்று பார்த்தவர்கள் நாங்கள். தாழ்வான கார் ஒன்று முழங்கால் தண்ணீரிலேயே சீற் வரைக்கும் நனைந்துவிடும்.

சீற் பெல்டை முழுநீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள், யாரும் கழுவாத கடைசி ஒரு அடியில் சேற்றுக் கோடு இருக்கும். சீற் நகரும் தண்டவாளத்தில் கறள் இருக்கிறதா? கம்பளத்தின் மூலையைத் தூக்கி மணந்து பாருங்கள். வாசனைத் திரவியம் மிதமிஞ்சி அடித்திருந்தால் ஏன் என்று யோசியுங்கள். டாஷ்போர்டுக்குக் கீழே வயர் இணைப்பு ஒன்றைக் கழற்றினால் பச்சை பூத்திருக்கிறதா என்று தெரியும். சிஆர்-இசட் போன்ற ஹைபிரிட்டில் பெரிய பற்றரி பின்பக்கத் தளத்துக்குக் கீழே இருக்கிறது, வெள்ளம் முதலில் தேடிப் போவது அதைத்தான். இதில் ஒன்று தெளிவாகத் தெரிந்தாலும் நான் திரும்பிவிடுவேன். வயர்க் கோளாறு ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகத் தலைகாட்டும், அதைத் தேடிப்பிடிக்கும் பொறுமை யாருக்கும் இல்லை.

எஞ்சின்

அடி நன்றாக இருந்தால் மட்டும் இங்கே வாருங்கள்.

குளிர்ந்த எஞ்சினில் ஒயில் மூடியைத் திறந்து உட்பக்கத்தைப் பாருங்கள். பால்கோப்பி நுரை மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் தண்ணீரும் ஒயிலும் கலந்திருக்கலாம், இரண்டையும் பிரித்து வைக்கும் ஹெட் கஸ்கட்டில் சந்தேகம். ரேடியேற்றர் மூடியைக் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் திறக்கலாம், உள்ளே ஒயில் படலம் மிதக்கக் கூடாது. வெறும் குழாய்த் தண்ணீர் கறள் நிறத்தில் இருந்தால், கூலண்ட் ஊற்ற மனமில்லாத உரிமையாளர் வேறு எதற்கும் செலவழித்திருக்க மாட்டார்.

உங்களோடு வந்தவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. கறுப்பென்றால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது, பெரும்பாலும் திருத்தக்கூடியது. காலையில் லேசான வெள்ளை ஆவி வருவது இயல்பு. சூடான பிறகும் அடர்த்தியான வெள்ளைப் புகை இனிப்பு மணத்தோடு வந்தால் கூலண்ட் எரிகிறது. டேர்போ கார் என்றால் பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டு அக்சிலேட்டரை ஒருமுறை மிதியுங்கள். நீலப் புகை குபீரென்று வந்தால் டேர்போவின் சீல் தேய்ந்திருக்கிறது.

பிறகு ஏசியைப் போட்டு, வெயிலில், நின்ற நிலையில் இருபது நிமிடம் ஓடட்டும். அவசரப்பட வேண்டாம், இந்த இருபது நிமிடத்தில் உரிமையாளரோடு கதைத்தால் காரைப் பற்றி நிறையத் தெரியும். வெப்ப முள் நடுவில் நிற்க வேண்டும். மட்டக்களப்பின் ஏப்ரல் வெயிலைத் தாங்காத ரேடியேற்றர் எஞ்சினையும் சேர்த்துக் கொண்டுபோகும். எஞ்சின் நடுவில் இருக்கும் டொயோட்டா எம்ஆர்2வில் ரேடியேற்றர் முன்னால், எஞ்சின் சீற்றுக்குப் பின்னால். கூலண்ட் குழாய்கள் காரின் முழு நீளத்துக்கும் கீழே ஓடுகின்றன. ஒரு குழாய் அரித்து ஓட்டை விழுந்தால் முள் ஏறுவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். பழைய ஹோண்டா, மிட்சுபிசி, சுபாரு ஸ்போர்ட்ஸ் எஞ்சின்களில் நிறையவற்றில் இருப்பது பெல்ட்தான். பொதுவாக ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பல எஞ்சின்களில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். மாற்றியதற்குப் பில்லோ ஸ்டிக்கரோ இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். மீற்றரில் உள்ள இலக்கத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம், அதைத் திருப்பி வைப்பது சுலபம். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங்கின் தோல், ஓட்டுநர் சீற்றின் ஓரம் ஆகியவற்றின் தேய்மானத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஓடிப் பார்ப்பது

மட்டக்களப்பு - கல்முனை வீதி ஊருக்கு ஊர் நெரிசல். அங்கே ஓட்டினால் கிளச் கால் வலிப்பதுதான் மிச்சம். காரைதீவிலிருந்து அம்பாறைக்குப் போகும் வீதி வயல்களுக்கு நடுவே நீண்டு கிடக்கிறது. மட்டக்களப்புப் பக்கம் என்றால் செங்கலடி தாண்டிப் பதுளை வீதியில் கொஞ்சத் தூரம். மாடுகளைக் கவனியுங்கள். ஊருக்கு வெளியே சட்டப்படி மணிக்கு 70 கிலோமீற்றர்தான், ஊருக்குள் 50. அந்த வேகமே ஒரு காரை அறியப் போதும்.

நான்காம் கியரில் 40இல் போகும்போது அக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளச் வழுக்குகிறது. இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கும், மூன்றிலிருந்து இரண்டுக்கும் கொஞ்சம் வேகமாக மாற்றுங்கள். கறகறவென்று கடித்தால், கியர்கள் உரசாமல் சேர உதவும் சின்குரோ தேய்ந்திருக்கிறது. ஆசையாக ஓட்டப்பட்ட கார்களில் முதலில் போவது இந்த இரண்டாம் கியர்தான். ஆளில்லாத நேர்வீதியில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துப் பாருங்கள், ஒரு பக்கம் இழுக்கிறதா? பிரேக் பிடித்தால் பெடல் துடிக்கிறதா? வெட்டவெளியில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாகச் சுற்றுங்கள். டக் டக் என்று கேட்டால் அக்சில் ஜொயின்ற் தேய்ந்திருக்கிறது. பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். பெரிய எக்சோஸ்ட் பூட்டிய காரில் மற்றச் சத்தங்கள் எல்லாம் அதற்குள் மறைந்துவிடும் என்பதால் கண்ணாடியை ஏற்றி ஒருமுறை, இறக்கி ஒருமுறை ஓட்டுங்கள்.

ரயரின் பக்கத்தில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்யப்பட்டது. பட்டன் (ரயரின் மேல்வரி) நிறைய இருந்தும் வயது போன ரயரை நம்பி மழையில் ஓடக் கூடாது. நான்கும் நான்கு கம்பனி என்றால், அது உரிமையாளரைப் பற்றியும் ஏதோ சொல்கிறது.

புத்தகம்

என் முதல் காரை ஓப்பன் பேப்பரில் வாங்கினேன். விற்றவர் வேறு, புத்தகத்தில் பெயர் இருந்தவர் வேறு. அந்த மனிதரின் கையெழுத்திட்ட தாள்கள் இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்றார்கள். மாற்றப் போனபோது ஒரு கையெழுத்தில் பிழை, திரும்ப வாங்க வேண்டும். அவர் வெளிநாடு போய்விட்டார். அந்தக் காரை என் பெயருக்கு மாற்ற நான் அலைந்த அலைச்சலில் காரின் மேல் இருந்த ஆசையே வற்றிப்போனது. அந்த அனுபவம் உங்களுக்கு வேண்டாம்.

ஆகவே, எம்டிஏ 6, எம்டிஏ 8 என்ற கைமாற்றப் படிவங்களில் புத்தகத்தில் பெயர் உள்ளவரே, உங்கள் முன்னால் கையெழுத்திட வேண்டும். அடையாள அட்டையைப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். பதிவுச் சான்றிதழில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதம் இல்லாமல் ஒரு ரூபாவும் முற்பணம் வேண்டாம். வருமான அனுமதிப்பத்திரமும் புகைச் சான்றிதழும் காப்புறுதியும் நடப்பில் இருக்கின்றனவா? பல வருடம் புதுப்பிக்காத கார் என்றால் நிலுவை எவ்வளவு என்று பிரதேச செயலகத்தில் விசாரித்துவிட்டு விலை பேசுங்கள்.

சேஸி இலக்கத்தை நீங்களே பாருங்கள். இலக்கத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசினால் எழுத்துகள் அப்படியே பதியும். ஏதாவது ஒரு எழுத்து வரிசை தப்பி நின்றாலோ, சுற்றியுள்ள தகரத்தில் வெல்டிங் தடம் தெரிந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். எஞ்சின் இலக்கமும் புத்தகமும் ஒத்துப்போக வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார்களில் எஞ்சின் மாற்றுவதும் நிறம் மாற்றுவதும் சகஜம். அதில் தவறில்லை, ஆனால் மாற்றியது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்திருக்க வேண்டும். பதியாவிட்டால் அந்தத் தலையிடி உங்களுடையது.

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு முழுக் காப்புறுதி கேட்ட இடத்தில் எல்லாம் கிடைத்துவிடாது. வாங்கும் முன்னமே கேட்டு வையுங்கள்.

விலை

கையில் இருக்கும் பணம் முழுவதையும் காருக்குக் கொடுக்காதீர்கள். நான் சொல்லும் கணக்கு இது: நூறு ரூபா இருந்தால் எழுபத்தைந்துக்குள் காரை வாங்குங்கள். மற்ற இருபத்தைந்து முதல் வருடத்துக்கு. பெல்ட், ஒயில்கள், ரயர், பிரேக், ரேடியேற்றர் குழாய்கள், பெயர் மாற்றம் எல்லாம் அதற்குள் வரும். பார்த்ததில் கண்ட குறைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கராஜில் விலை கேட்டு எழுதிக்கொண்டு விலை பேச உட்காருங்கள். "கொஞ்சம் குறையுங்கள் அண்ணே" என்று கேட்பதைவிட அந்தத் தாளை நீட்டுவது நன்றாக வேலை செய்யும், விற்பவருக்கும் அவமரியாதை இல்லை. "நாளைக்கு இன்னொருவர் காசோடு வருகிறார்" என்றால் வரட்டும்.

தேடும்போது கடலிலிருந்து உள்ளே தள்ளி நின்ற கார்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். மச்சான் கடைசியில் வாங்கியது அம்பாறை நகரத்தில் ஒரு லெவின். கூரையில் பெயின்ட் வெளுத்து, முன் பம்பரில் ஒரு வெடிப்பு. கேட்ட விலை அந்தச் சிவப்பு செலிக்காவைவிடக் கூட. காக்கா வழக்கம்போலச் சாக்கை விரித்துத் தட்டிக்கொண்டு போனார். இந்தப் பக்கம் முழுக்க டங், அந்தப் பக்கம் முழுக்க டங். எழும்பிக் கையைத் துடைத்துக்கொண்டு, "இத எடுங்க தம்பி, பெயின்ட்ட புறகு பாப்பம்" என்றார்.

பெல்ட்டும் ஒயிலும் முதல் கிழமையே மாற்றியாயிற்று. பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. கார் இப்போது நிற்பது கல்லடியில் என்பதால், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கிணற்று மோட்டரைப் போட்டு, ஹோஸைக் காருக்குக் கீழே நீட்டி, சில்லு வளைவுகளுக்குள்ளும் கதவுக்குக் கீழுள்ள பெட்டியின் வடிகால் துளைகளிலும் நல்ல தண்ணீர் அடித்து உப்பைக் கழுவுகிறான். அருகம்பைக்குப் போய்வந்தால் அன்றிரவே கழுவிவிடுகிறான். வடிகால் துளைகளை ஒரு ஈர்க்கால் குத்தித் திறந்துவிட்டு, கார் நன்றாகக் காய்ந்த பிறகுதான் கொட்டிலுக்குள் விடுவான்.